வேலிக்கு மேலே நீட்டிய தாள்

மேசையில் வரைபடம் விரிந்து கிடக்கிறது. ஏழு வருடமாகத் தள்ளிப்போகும் பயணத்துக்காக மடித்து மடித்து, அதில் நார்மன்டன் ஊர் இருந்த இடமே கிழிந்துபோயிருக்கிறது. முற்றத்தில் கிளம்பாமலே நிற்கும் கேரவன் வண்டிக்குள் கோழி முட்டையிடுகிறது. கணவன் கிளாரி பென்சிலால் டீசல் கிடைக்கும் இடங்களை எண்ணுவதை நொரீன் களைப்போடு பார்க்கிறாள். "வழியில ஆத்துல வெள்ளம் வடியலையாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." "அடுத்த வருஷம் என் முட்டி உன்கூட வராது, கிளாரி." அவன் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைக்கிறான். அவள் எழுந்து, போகும் வழியையும் திரும்பும் தேதியையும் ஒரு தாளில் எழுதி, வேலியோரம் காதைத் தீட்டிக்கொண்டு துணி உலர்த்தும் பக்கத்து வீட்டு கிளெனிஸிடம் நீட்டுகிறாள். ஆளில்லாத புல்வெளிக்குப் புறப்படுகிறவர்கள் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் தாள் அது. "பதினாறாம் தேதி போன் வரலைன்னா போலீஸ்ல சொல்லிடு." கிளெனிஸ் கைக்குப் போனது இருட்டுவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்; அதன்பிறகு கிளாரி பயணத்தைத் தள்ளிப்போட முடியாது. சற்று நேரத்தில் கேரவனுக்குள்ளிருந்து, கிளாரி கோழியை விரட்டும் சத்தம் கேட்கிறது.