குணலட்சுமியின் பார்சல்

"வாய் பேசாத பிள்ளையின்ரை சாப்பாட்டைத் தின்ன உங்களுக்கு எப்பிடி மனம் வருகுது?"

பத்மாவதி ரீச்சரின் குரல் கேட்டு அடுத்த வகுப்பு வாத்தியாரும் எட்டிப் பார்த்தார். மக்டலீனின் மடியில் பாதி முடிந்த வாழையிலைப் பார்சல். விரல்களில் மீன் குழம்பு. இனி எதை மறைப்பது?

அந்தப் பள்ளிக்கூடத்தில் உடல் வலது குறைந்த பிள்ளைகளுக்கென்று இருந்தது ஒரேயொரு வகுப்பு. படிப்பிப்பது பத்மாவதி ரீச்சர். சோறு ஊட்டித் தீத்துவது, வாய் துடைப்பது, தூக்கிக்கொண்டு மலசலகூடத்துக்குப் போவது எல்லாம் மக்டலீன். அந்த வேலைக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. "உதவிக்கு நிக்கிற மனுசி" என்றால்தான் ஆட்களுக்கு விளங்கும்.

அதிபர் சோமசேகரம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உண்மையோ மக்டலீன்?"

"ஓம் சேர்."

"ஒருநாளோ?"

"ஒவ்வொருநாளும்."

"நான் ஒரு மாதமாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் சேர்," என்றார் பத்மாவதி. "இண்டைக்கு மீன் மணந்தபடியால் கையும் மெய்யுமாப் பிடிபட்டா. எங்கையெங்கையோ இருந்து வந்த ஆக்களை விசாரியாமல் எடுத்தா இதுதான்."

"ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

காரணம் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை குணலட்சுமியின் தாய் சிவக்கொழுந்துக்கு அது தெரியக்கூடாது.

தை மாதம், குணலட்சுமி வந்த முதல் கிழமை. தாய் நன்றாகக் குழைத்துக் கட்டிய சோறுதான். இரண்டாம் வாயிலேயே புரையேறிப் பிள்ளை நீலம் பாரித்துவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளை, கழுத்தே நேரே நிற்காது. மக்டலீன் முதுகில் தட்டித் தட்டி, மாதாவைக் கூப்பிட்டு, ஒருமாதிரி மூச்சு வந்தது. மறுநாள் தொடக்கம் அவள் தன் அறையில் கஞ்சி காய்ச்சிப் போத்தலில் கொண்டுவந்தாள். அது சுகமாக இறங்கியது.

தாய்க்குச் சொல்வோம் என்றிருந்தபோதுதான் பார்சல் மாறியது. குழைத்த சோறு போய்ப் புட்டு, பொரியல், இரண்டொரு நாள் மீன்கூட. மகள் தேறிவிட்டாள் என்று மனுசி நம்பிவிட்டாள்.

"பார்சல் முடிஞ்சுதோ அக்கா?" பின்னேரம் சைக்கிளில் வந்து தினமும் கேட்பாள்.

"முடிஞ்சுது. நல்லாச் சாப்பிட்டவள்."

அப்போது அந்த முகத்தில் வரும் சிரிப்பைப் பார்த்தால் எந்தக் கல்நெஞ்சுக்காரிக்கு உண்மை சொல்ல வாய் வரும்? சொன்னால் பயந்துபோய்ப் பிள்ளையை வீட்டில் மறித்துவிடவும் கூடும்.

திருப்பிக் கொடுத்தால் பிடிபடும். எறிந்தாலோ பாவம், அரிசி விற்கும் விலையில். உண்மையைச் சொன்னால், பசியும் இருந்தது.

சண்டைக்குப் பயந்து குருநகரை விட்டு ஓடிவந்து மூன்று வருடம். புருசன் லியோன் கடலோடு போனவன். மகள் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனாள்; கடிதம் இல்லை. சண்டிலிப்பாயில் ஒரு வளவின் பின்பக்க அறையில் இவள் தனிய. பள்ளிக்கூடம் விட்டால் மறுநாள் காலை வரைக்கும் கதைக்க ஆளில்லை. தனக்கென்று அடுப்பு மூட்டவே மனம் வராது. கஞ்சி காய்ச்சுவதும் குணலட்சுமிக்காகத்தான். இன்னொருத்தி சமைத்த சோற்றைச் சாப்பிடும் அந்தப் பத்து நிமிடம் தனக்கும் ஒரு வீடு இருப்பதுபோல இருக்கும். அதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

ஒருமுறைதான் பயந்தாள். விபூதிப் புதனன்று அவள் நெற்றியில் சாம்பலைக் கண்டு, "என்னக்கா, நீங்களும் வீபூதி பூசுறனீங்களோ?" என்று சிவக்கொழுந்து பகிடியாகக் கேட்டாள்.

"தவக்காலம் தொடங்குது. நாப்பது நாளைக்கு மீன் மச்சம் தொடமாட்டன்."

பார்சலில் மீன் வந்தால் என்ன செய்வது என்று பிறகுதான் யோசித்தாள். நல்லவேளை, வரவில்லை. கடலுக்குப் போகத் தடை, இந்தப் பக்கம் மீன் எங்கே வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். உயிர்த்த ஞாயிறு கழிந்து, இன்றைக்குத்தான் ஒட்டி மீன் குழம்பு. அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

"நாளையிலிருந்து வரவேண்டாம்," என்றார் அதிபர். "தாய்க்கும் இதைச் சொல்லத்தான் வேணும்."

வேலை போவது பெரிதில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு யார் கஞ்சி தீத்துவது என்று நினைக்கத்தான் மக்டலீனுக்குக் கண் கலங்கியது.

சிவக்கொழுந்து வந்தாள். பத்மாவதி ரீச்சர் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"முழுக்கச் சாப்பிடுறாவோ ரீச்சர்?"

"ஒரு பருக்கை மிச்சம் விடுறேல்லை."

"அப்ப என்ரை கறி அவவுக்குப் பிடிச்சிருக்கு."

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டு வருசமாத் தீத்திறனான் ஐயா. இவளுக்குப் புட்டு இறங்காதெண்டு எனக்குத் தெரியாதே? முதல் கிழமையே சட்டைக் கழுத்திலை கஞ்சி காய்ஞ்சு கிடந்தது. நான் கஞ்சி குடுத்துவிடேல்லை. ஆர் காய்ச்சுறதெண்டு விளங்கினது. அக்காவுக்கு நேரை தந்தா வாங்கமாட்டா. அதுதான் பிள்ளையின்ரை பேரிலை கட்டினனான்."

"சும்மா இவவைக் காப்பாத்தக் கதைக்கிறியள்," என்றார் பத்மாவதி ரீச்சர்.

சிவக்கொழுந்து மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நாப்பது நாளும் மச்சம் இல்லாமல் கட்டினனான் ரீச்சர். எங்கடை வீட்டிலை ஆருக்குத் தவக்காலம்?"