நூட்ட எனபை

சென்னப்பன் நூலின் ஒரு நுனியை வரைபடத்தில் மத்திகிரி மைதானத்தின் மேல் குண்டூசியால் குத்தினார். மறு நுனியைக் கிழக்கே இழுத்து, பழவேற்காடு ஏரிக்கு அப்பாலிருந்த ஒரு தீவின் மேல் வைத்து விரலால் அழுத்தினார்.

இரண்டுமே யுத்த காலத்தில் போட்டுவிட்டுப் போன விமானத் தளங்கள். பத்து வருஷமாக அங்கே மாடுதான் மேய்கிறது. நடுவில் எத்தனை மைல் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதனால்தான் சுகாதார இலாகாக்காரர்கள் வரைபடம் போடுகிற சென்னப்பனிடம் வந்தார்கள். ஓசூர் வட்டாரத்தில் அவர் அளந்து ஒரு கெஜம் பிசகியதாகப் பேச்சே கிடையாது. அந்தத் தலைக்கனமும் அவருக்குக் கொஞ்சம் உண்டு.

தீவில் காலரா. மருந்துப் பெட்டிகளோடு நர்ஸாகப் போகிறவள் அவருடைய ஒரே மகள் ஜோதியம்மாள். பெட்டிகள் கனம். தூரத்துக்கு மேல் பத்து மைலுக்குத்தான் உபரிப் பெட்ரோல் என்று விமானி கறாராகச் சொல்லிவிட்டார்.

மகள் போகிற வழி. மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் நூற்றெண்பது மைல்.

இந்தப் பயணத்துக்காக மைதானத்தில் பெட்ரோல் ஊற்ற அமர்த்தியிருந்தவன் திம்மப்பன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். எதிராளியின் பாஷையில் பேசுவது இந்த எல்லைப் பக்கத்து மரியாதை. சென்னப்பன் போனை எடுத்தார். கம்பியில் கடலை வறுக்கிற சத்தம்.

“திம்மப்பா, நூட்ட எனபை!” என்று தெலுங்கில் கத்தினார்.

அவன் திருப்பிச் சொன்னான். கடைசியில் ‘பை’ மட்டும் தெளிவாகக் கேட்டது. அது போதுமென்று போனை வைத்துவிட்டார்.

விமானம் கூரைக்கு மேலே போனபோது வாசலுக்கு ஓடித் துண்டை வீசினார். ஜோதி கையாட்டினாளோ என்னவோ, பெருமையில் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை.

அரை மணி கழித்து திம்மப்பன் சைக்கிளில் வந்து பெட்ரோல் சீட்டை நீட்டினான். மரியாதைக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டாமா?

“உங்க பாஷையிலயே எழுதிட்டேண்ணா. சரியா இருக்குதா பாருங்க.”

எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனால் படிக்க முடிந்தது. ‘தூரம் நூத்தி அம்பது. உபரி பத்து.’

எனபை என்றால் எண்பது. யாபை என்றால் ஐம்பது.

விமானத்தில் வயர்லெஸ் கிடையாது. தீவில் போன் கிடையாது. மகள் இந்நேரம் பாதி வழியைக்கூடத் தாண்டியிருக்கமாட்டாள்.

சென்னப்பன் நூலை நூற்றறுபது மைலுக்கு அளந்து வெட்டினார். திரும்பவும் மத்திகிரியில் குத்தி, கிழக்கே இழுத்தார்.

நூல் ஏரியின் நீலத்தில் முடிந்தது.

இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். நீளவில்லை.

திம்மப்பன் பதிலை எதிர்பார்த்துச் சிரித்த முகமாக நின்றிருந்தான்.