சாக்குச் சொல்லாதவன்

"என்ன சாக்கு சொல்லப்போறான்னு நினைக்கிறே?" பிரெண்டா துண்டுச்சீட்டை நீட்டினாள்.

நிருபர்கள் அறையில் இது எங்கள் வழக்கம். ஊக்கமருந்தில் மாட்டிய பேஸ்பால் ஆட்டக்காரன் பேச வருவதற்குமுன் ஆளுக்கொரு சாக்கை எழுதிவைப்போம். சரியாகச் சொன்னவருக்கு மற்றவர்கள் ஹாட் டாக் வாங்கித்தர வேண்டும்.

'சத்து மாவில் கலப்படம்' என்று எழுதினேன்.

"அது போன வருஷத்து சாக்கு! நான் மாட்டுக்கறின்னு போட்டிருக்கேன். மாட்டுக்கு எவனோ ஊசி போட்டுட்டானாம், பாவம்!"

இருபது வருஷமாக எத்தனை கதை கேட்டிருப்போம்! காதில் பூ சுற்ற இவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டோ என்று தோன்றும்.

லைல் ப்ரூயிட் உள்ளே வந்தான். வயது முப்பத்திரண்டு. எங்கள் நெப்ராஸ்கா ஊரின் சின்ன லீக் அணிக்காகப் பதினோரு வருஷம் பஸ்ஸில் அலைந்து பந்தெறிந்தவன். போன வாரம்தான் முதல்முறையாகப் பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வந்தது. இப்போது எண்பது ஆட்டங்களுக்குத் தடை. அந்த வயதில் இனி யார் கூப்பிடப்போகிறார்கள்?

மைக்கைப் பிடித்தான். "மருந்து எடுத்தது நான்தான். தெரிஞ்சேதான் எடுத்தேன். வேற யார் மேலயும் தப்பு இல்ல."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான்.

"அட, ஒருத்தனாவது ஒத்துக்கிட்டானே!" பிரெண்டா சீட்டுகளைக் கிழித்துப் போட்டாள்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே கட்டுரையை எழுதி முடித்தேன். அவனைப் பற்றி இன்னும் ஒரு வரி சேர்க்கலாம் என்று உடைமாற்றும் அறைக்கு இறங்கினேன்.

அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் எம்மெட், ரப்பர் உறை மாட்டிய கைகளால் பந்து பிடிக்கிற ஒரு தோல் கையுறைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கையால் பிசைந்தால்தான் தோல் பதமாகும் என்று அடம்பிடிக்கிற மனுஷர்.

"என்ன எம்மெட், புதுசா உறையெல்லாம்?"

அவர் கண் கலங்கிவிட்டது. "லைல் வாங்கிக் கொடுத்தான், தம்பி. டாக்டர் எனக்கு ஹார்மோன் களிம்பு எழுதிக் கொடுத்திருக்கார். தினம் அதைத் தோள்ல தடவிட்டு, அதே கையால அவன் கையுறையைப் பிசைஞ்சிருக்கேன். அது அவன் உடம்புல ஏறி, சோதனையில ஊக்கமருந்துன்னு காட்டிடுச்சு. நேத்துதான் ரெண்டு பேருக்கும் விளங்குச்சு."

"அதை ஏன் அவன் சொல்லல?"

"சொன்னா என் வேலை போயிடும். வேலை போனா காப்பீடும் போச்சு. என் பெண்டாட்டி டோரிஸோட புற்றுநோய் மருந்து அந்தக் காப்பீட்டுலதான் ஓடுது. 'நீங்க வாயைத் திறந்தீங்கன்னா உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன் பெரியவரே'ன்னுட்டான். நீயாவது உண்மையை எழுதிடு, தம்பி!"

படியேறி என் மேசைக்குத் திரும்பினேன். இப்படியும் ஒரு மனுஷனா!

கட்டுரை திரையில் அப்படியே இருந்தது. தலைப்பு: 'பொய் சொல்லாத ஆட்டக்காரன்.'

ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பிவைத்தேன்.