மூன்று சக்கரத்துக்குக் கார் டயர்

“மூணு சக்கர மோட்டார் சைக்கிள் ரிம்முல கார் டயரை மாட்டச் சொல்றீங்களே, பெரியவரே. இது உங்க பிழைப்பு வண்டி,” என்றான் டயர் கடைக்காரன்.

“மாட்டினா என்ன ஆகும்?”

“வேகம் செத்துப் போயிடும்.”

“சரி.”

“ஹேண்டிலைத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை கழண்டுடும்.”

“நிஜமாவா?”

“பெட்ரோலை வேற குடிச்சுத் தள்ளும்.”

“பொய் சொல்லலையே?”

“உங்ககிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்?”

“அப்ப மாட்டு.”

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. மூன்று டயரும் ஏறி, காற்று அடித்து முடிகிறவரை பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் காலை வழக்கம்போல மச்சான் வந்து சாவியைக் கேட்டான். அவன் கடைச் சரக்குக்குத் தினமும் என் வண்டிதான். என் பிழைப்பு அவனோடு போய்விடும். மாட்டேன் என்றால் அவன் அக்கா எனக்குச் சோறு போட மாட்டாள். அன்றைக்கு மட்டும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

சாயங்காலம் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தான்.

“இந்த வண்டி இனிமே என் கைக்கு அடங்காது, அத்தான்.”

“அடடா,” என்றேன். வயிறு குளிர்ந்தது.

“அதனால நாளையிலேர்ந்து கடைச் சரக்கை நீங்களே ஏத்தி ஓட்டிக்கிட்டு வந்துடுங்க. அக்காகிட்ட சொல்லிட்டேன்.”