கறுப்புத் தட்டில் ஒரு கடல்

"இஞ்சாருங்கோ, அந்த ஃபானை ஒருக்கா நிப்பாட்டுங்கோ," என்கிறாள் என் மனைவி நாகபூசணி. நோபல் பார்க்கில் ஜனவரிதான் கோடை; வெயில் திரைச்சீலையையும் தாண்டிச் சுடுகிறது. சாப்பாட்டு மேசையில் கறுப்புத் தட்டை வைத்து, அதன்மேல் வெள்ளை மணலால் கடல் வரைந்துகொண்டிருக்கிறாள். பொன்செக்கி என்கிற இந்த ஜப்பானியக் கலையில் பசை கிடையாது. மூச்சுப் பட்டாலே அலை கலைந்துவிடும். "மண்ணுக்கு வேர்க்காது, எனக்கெல்லோ வேர்க்குது," என்கிறேன். "உங்களுக்கு வேர்த்தால் துடைக்கலாம். இது பறந்தால் போச்சு." இறகின் நுனியால் அலையின் ஓரத்தை ஒதுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறாள். கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் என் முகத்துக்கு அருகில் அவள் ஒருநாளும் இவ்வளவு கவனமாகக் குனிந்ததில்லை. மின்விசிறியை நிறுத்துகிறேன். கரையில் ஒரு கல்லை வைத்துவிட்டு, "மிச்சத்தை வந்து செய்யிறன், தொட்டுப்போடாதேங்கோ. போட்டு வாறன்," என்று வேலைக்குப் போகிறாள். போன இடத்தில் அவளுடைய இதயம் நின்றுவிடுகிறது.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வெயில் இன்னும் தணியவில்லை. அவளுடைய தலையணையில் பள்ளம்கூட இல்லை. அவள் கை கடைசியாக அசைந்த விதத்தை இந்த மணல் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே ஊதில் அழித்துவிடலாம் என்று குனிகிறேன். குனிந்த பிறகுதான் நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரிகிறது. மகள் சயந்தினி உள்ளே வருகிறாள். "என்னப்பா, வீடு ஓவன் மாதிரிக் கிடக்கு," என்று சுவிட்சை நோக்கிக் கையை நீட்டுகிறாள். "போடாதை பிள்ளை," என்கிறேன். மின்விசிறி அவள் அம்மா நிறுத்தச் சொன்னபடியே நிற்கிறது.