பெரியமுத்து அண்ணனுக்கு வந்த மெயில்

இதை நான் தப்பாகத்தான் சொல்லப் போகிறேன் என்று பயமாக இருக்கிறது. எங்கே ஆரம்பித்தாலும் நான் திருட்டுத்தனம் பண்ணியவளாகத்தான் தெரிவேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

மாட்டுப்பட்டிக்கு மேலே, எங்கள் எஸ்டேட் சர்ச்சில் வருகை நோட்டு என் கையில்தான். ஞாயிறு காலை பெருக்கித் துடைத்துவிட்டு, நோட்டோடு முன்வாசலில் நிற்பேன். வருகிறவர் பெயருக்கு நேரே ஒரு டிக். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.

சர்ச் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ஜிஸ்மி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள்.

"கற்பகம் அக்கா, இனிமே யாரு வரலைன்னு நாம தேடிப் போக வேணாம். டிக் இல்லாதவங்களுக்குத் திங்கக்கிழமை தானா மெயில் போயிரும். புதன்கிழமை இன்னொண்ணு. தொடர்ந்து நாலு வாரம் வரலைன்னா பாஸ்டர் போனுக்கே தகவல் போகும். எல்லாரு போன்லயும் மெயில் ஐடி போட்டுக் கொடுத்திருக்கேன், உங்க போன்லயும்தான்."

"யாரும் உக்காந்து எழுத வேணாமா?"

"ஒரு தடவை எழுதி வச்சாச்சு அக்கா. அவ்வளவுதான்."

பெரியமுத்து அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டம்மா இல்லை. மகன் துபாயில். ஞாயிறு தவறாமல் வந்து, "தோத்திரம் தங்கச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் முன்வரிசைக்குப் போவார்.

நாலு வாரமாக அவர் பெயருக்கு நேரே நான் டிக் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

நாலாவது ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஜிஸ்மி நோட்டை ஏற்றி முடித்திருப்பாள். பாஸ்டரின் போன் சத்தம் போட்டது. சத்தமாகவே வாசித்தார்.

"பெரியமுத்து நான்கு வாரமாக ஆராதனைக்கு வரவில்லை. உடனே வீட்டுக்குச் சென்று சந்திக்கவும்."

பெரியமுத்து அண்ணன் அவருக்குப் பக்கத்தில் நின்று பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். செக்ரட்டரி ரிஜின் சிரிக்கவில்லை.

"எந்தா சேச்சி இது? முன்னால இருக்கிற ஆளு உங்க கண்ணுக்குத் தெரியலையா? அன்னைக்கே சொன்னேன் பாஸ்டர், படிச்ச ஆளுகிட்ட நோட்டைக் கொடுங்கன்னு."

என்னவென்று சொல்வேன்?

போன மழைக்கு அவருக்குக் காய்ச்சல். ஒரு ஞாயிறு வரவில்லை. திங்கள் சாயங்காலம் போனோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கண்ணாடி உடைஞ்சுபோச்சு தங்கச்சி. சர்ச்சுல இருந்து என்னமோ வந்துருக்கு. வாசி பாப்போம்."

டீ போட்டுக் கொடுத்துவிட்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'உங்களைக் காணாமல் தேடினோம்' என்று இருந்தது.

"தேடினோம்னா போட்டிருக்கு? இன்னொருக்கா வாசி."

என் வீட்டுக்காரர் தவறிப்போய் ஆறு வருஷம். மகள் திருப்பூரில். சும்மா ஒரு ஆம்பளை என் வாசலில் நின்றால் எங்கள் லயத்து வரிசையில் ஏழு வீட்டுக் கதவும் திறக்கும். சர்ச் லெட்டர் என்றால் பேச்சில்லை. பக்கத்து வீட்டு மாரித்தாய்கூட, "சத்தமா வாசி கற்பகம், நானும் கேக்கேன்" என்றாள்.

புதன்கிழமையும் வந்தார். அடுத்த ஞாயிறு காய்ச்சல் விட்டு சர்ச்சுக்கு வந்தார். டிக் போட்டேன். அந்தத் திங்களும் யாரும் வரவில்லை, புதனும் யாரும் வரவில்லை. ரெண்டு பேருக்குப் போட்ட டீயை நானே குடித்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு, அவர் பெயருக்கு நேரே வந்ததும் பேனா நகரவில்லை.

எல்லா வாரமும் ஒரே லெட்டர்தான். எனக்கு மனப்பாடம். ஆனாலும் மெதுவாகத்தான் வாசிப்பேன். "நான்தான் வாரேனே, பொறவு எதுக்கு இது வருது?" என்று அவரும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நாலு வாரக் கணக்கு எனக்கு மறந்தே போய்விட்டது.

இதையெல்லாம் டீ குடிக்கிற இடத்தில் சொல்ல முடியுமா?

பாஸ்டர் போனை அவரிடம் நீட்டினார். "அண்ணாச்சி, இது எனக்கு வந்தது. இதுக்குக் கீழ, உங்களுக்குப் போன மெயிலும் இருக்கு பாருங்க. இதெல்லாம் உங்களுக்கு வந்துச்சா?"

அவருக்குக் கண் தெரியாதே என்று வாசித்துக் காட்ட நான் பக்கத்தில் போனேன்.

அதற்குள் அவர் போனை வாங்கி, அந்தப் பொடி எழுத்தை மேலிருந்து கடகடவென்று வாசித்துக்கொண்டு போனார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. மூக்கில் கண்ணாடியும் இல்லை.

நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். வாசிப்பு நின்றது.

"வந்துச்சு பாஸ்டர்" என்றார் மெதுவாக. "தப்பு என்மேலதான். முழங்கால் வலின்னு பக்கத்து வாசல் வழியா வந்துருவேன். தங்கச்சி என்ன செய்வா பாவம்."

வாழ்நாளில் அவர் பக்கத்து வாசலில் கால் வைத்ததில்லை.

"சரி, இனிமே முன்வாசல்லயே வாங்க" என்றார் பாஸ்டர்.

"இன்னொரு தடவை இப்படி ஆனா நோட்டு வேற ஆளுக்கு" என்றார் ரிஜின்.

நோட்டு போய்விடுமோ என்று மூன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

இப்போது பெரியமுத்து அண்ணன் பெயருக்கு நேரே பெரிதாக டிக் போடுகிறேன். ரிஜின் வாராவாரம் வாங்கிப் பார்க்கிறார். நோட்டில் கடைசிப் பெயர் என்னுடையது. வாசலில் நிற்கிறவள் வந்தாளா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்று வாரம் அதைக் காலியாக விடுகிறேன். நாலாவது வாரம் மறக்காமல் டிக்.

முதல் திங்கள் சாயங்காலம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க லயத்து வழியே நடந்து அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு. சர்ச்சுல இருந்து என்னமோ வந்துருக்கு. வாசிங்க பாப்போம்."

அவர் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போனைத் தூரமாகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார்.