தனிச் சட்டி

வீட்டுக்காரர் யூஃபென்னின் கையிலிருந்த தட்டை வெடுக்கென்று பிடுங்கினார். அதிலிருந்த மீனை வாசலில் நின்ற பன்றிக்குப் போட்டுவிட்டு வந்தார்.

யூஃபென்னுக்கு ஒன்றும் ஓடவில்லை. விருந்தாளியின் தட்டைப் பிடுங்குவார்களா?

"அது பொம்பளைங்க சாப்பிடற மீன் இல்ல. அந்தச் சட்டியையே நீங்க தொடக்கூடாது" என்றார் அவர்.

அவள் எங்கே தொட்டாள்? வாடை பிடிக்கவில்லை என்று கணவன் போயென்தான் தன் மீன் துண்டை அவள் தட்டில் தள்ளியிருந்தான்.

லான்யூ தீவுக்கு வருகிறவர்களுக்கு யோசனை எழுதத்தான் இருவரும் தைபேயிலிருந்து வந்திருந்தார்கள். கடல் குமுறினால் கப்பல் வராது, ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கரையில் நிற்கும் படகைத் தொடாதீர்கள். கடலுக்குக் கிளம்புகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். குப்பையைத் திரும்ப எடுத்துப்போங்கள். எல்லாவற்றையும் தானே கடைப்பிடித்துவிட்டுத்தான் எழுதியிருந்தாள். அதற்கு இந்த மரியாதை!

அடுப்படி மூலையில் வீட்டுக்காரரின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். தனிச் சட்டி, தனித் தட்டு. மூத்த பிள்ளை பிறந்துவிட்டால் இந்தத் தீவில் பெற்றவர்களுக்கு வேறு பெயர் கிடையாது. அவர் லமுரன் அப்பா, இவள் லமுரன் அம்மா.

அநியாயத்தைக் கண்டால் போயெனுக்கு ஆகாது.

"பாத்தியா, பொண்டாட்டியை எப்படி ஒதுக்கி வச்சிருக்கான்?" என்று கிசுகிசுத்தான். "எழுது. இந்த வீட்ல யாரும் தங்காதீங்கன்னு பேரோட எழுது."

கைப்பேசியில் எழுதினாள். நாற்பதாயிரம் பேர் படிக்கிற பக்கம். இந்த ஒரு வரி போதும், அடுத்த கோடைவரை இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். அனுப்புவதற்கு முன் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்து போனாள்.

"அக்கா, இந்தக் காலத்துலயும் இதை எப்படிப் பொறுத்துக்கறீங்க?"

"எதை?"

"இந்தத் தனிச் சட்டியை."

லமுரன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். உள்ளே வெள்ளைவெளேரென்று மீன். கவிச்சியே இல்லை.

"பிள்ளை பெத்துக்கற உடம்புக்கு நல்ல மீன்தான் ஆகும். நாத்தம் புடிச்சது, வயித்தைக் கெடுக்கறது எல்லாம் ஆம்பளைங்க தலையெழுத்து. அவங்க சட்டியில பட்ட கரண்டிகூட என் சட்டியில படக்கூடாது. இன்னிக்கு அவருக்குக் கிடைச்சதே ஒரே ஒரு நல்ல மீன். பாதியை உங்களுக்குன்னு எடுத்து வைக்கச் சொன்னாரு. அதுக்குள்ள நீங்க அந்த ஆம்பளை மீனை வாயில வைக்கப் போனீங்களா, மனுஷன் பதறிட்டாரு."

யூஃபென்னுக்கு முகம் சுண்டிப்போனது. எழுதியதை அங்கேயே அழித்தாள்.

லமுரன் அப்பா அந்தப் பாதி மீனை வேறு தட்டில் கொண்டுவந்து, இரண்டு கையாலும் அவள் முன்னால் வைத்தார்.

"இது நல்லா இருக்கும்போல இருக்கே" என்றான் போயென்.

யூஃபென் குச்சிகளை எடுத்தாள். முள்ளில்லாத வயிற்றுச் சதையைப் பிரித்து அவன் தட்டில் வைத்தாள். முதுகுச் சதையையும் வைத்தாள். வாலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கல்யாணமான பதினோரு வருஷமாக அப்படித்தான்.

லமுரன் அப்பாவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, மனைவியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாரு, அக்கா?"

லமுரன் அம்மா கொஞ்சம் தயங்கினாள்.

"ஒண்ணுமில்ல... இந்தப் பொண்ணுக்குப் பொறந்த வீட்ல கேக்கறதுக்கு நாதியே இல்லையான்னு கேக்கறாரு."